இல்லம் புகுந்த நஞ்சு

1950களில் அமெரிக்க நகரத்துப் பேரங்காடி ஒன்றினுள் நுழைந்தவர்கள் வியப்பான காட்சி ஒன்றைக் கண்டிருப்பர். ஆனால் அக்காலத்தில் அதனைக் கண்டு வியந்தவர் எவருமிலர். ஊறுகாய்ப் புட்டிகள் இருந்த வரிசைக்கு அடுத்தே பூச்சிக்கொல்லிகள் அடுக்கப்பட்டிருந்தன. குளியல் சோப்பும் சலவைச் சோப்பும் அவற்றின் பக்கத்திலேயே இருந்தன. நச்சு நீர்மத்தைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, சிறு குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருந்தனர். மருந்துக் கடையில் அதைவிட வலிமை குறைந்த நச்சுப்பொருளை வாங்க வருவோர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பேரங்காடியிலோ காய்கறிக் கூடையோடு நஞ்சையும் எடுத்துச் செல்வோரை எவரும் ஒரு சொல்லும் கேட்பதில்லை.

இந்த முரண்பாட்டை மக்கள் முன் எடுத்து வைத்தவர் ரேச்சல் கார்சன். கடலைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றிருந்த அவ்வம்மையார் சமையலறை அலமாரியைப் பற்றியும் எழுத நேர்ந்த வரலாறு அறியத்தக்கது.

ரேச்சல் கார்சன் 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோருக்கு மூன்றாவது குழந்தை, கடைக்குட்டி. ஏறத்தாழ 65 ஏக்கர் நிலத்தின் நடுவே அமைந்த அவர்களுடைய சிறு வீட்டில் குழாய்நீர் வசதிகூட இல்லை. தாயார் மரியா தம் மகளைத் தோப்புக்கும் ஓடைக்கும் அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் பெயர் சொல்லிக் காட்டுவார். பதினொரு வயதில் ரேச்சல் எழுதிய கதை ஒன்று சிறுவர் இதழில் வெளிவந்தது. எழுத்தாளராவதே தம் வாழ்வின் இலக்கு என்று அன்றே அவர் உறுதி கொண்டார். கல்லூரிக் கட்டணத்திற்குப் பணம் போதாமற்போனபோது தாயார் வீட்டிலிருந்த பீங்கான் பாத்திரங்களை விற்றார். பியானோ கற்பித்தும் பொருளீட்டினார்.

ஆங்கில இலக்கியம் பயிலச் சென்ற மாணவி, உயிரியல் ஆசிரியை ஒருவரின் வகுப்பில் அமர்ந்தபின் தம் பாடத்தையே மாற்றிக்கொண்டார். 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அவ்வாண்டுக் கோடையில்தான் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தில், தாம் கனவு கண்டிருந்த கடலை அவர் முதன்முதலாக அருகிருந்து கண்டார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்திற்குத் தொடர்ந்து படிக்க இயலவில்லை. குடும்ப வறுமை இடம் தரவில்லை. 1935இல் தந்தை மறைந்தார். இரண்டாண்டுகளில் தமக்கையும் இறக்கவே, அவருடைய இரு பெண் குழந்தைகளையும் வளர்க்கும் பொறுப்பு ரேச்சல் மீதும் தாயார் மீதும் விழுந்தது. அரசுப் பணித் தேர்வில் முதலிடம் பெற்று மீன்வளத் துறையில் சேர்ந்த ரேச்சலின் ஊதியமே அக்குடும்பத்தின் ஆதாரமாயிற்று. பகலில் அலுவலகம், இரவில் எழுத்து என்று பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1951இல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' என்னும் பொருள்படும் நூல், அமெரிக்காவில் விற்பனையில் முன்னணி வகித்த நூல்களின் பட்டியலில் 86 வாரங்கள் இடம்பெற்றது. அதன் வருவாய் தந்த துணிவில் 1952ஆம் ஆண்டு அரசுப் பணியிலிருந்து விலகினார்.

அவர் அரசுப் பணியில் இருந்த காலத்திலேயே டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி புகழின் உச்சியை எட்டியிருந்தது. இவ்வேதிப்பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பால் முல்லர் கண்டறிந்தார். 1943-44 குளிர்காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, அதனைப் பரப்பும் பேன்களை ஒழிக்கப் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் உடலில் டி.டி.டி. தூள் தூவப்பட்டது. கொள்ளைநோய் அடங்கியது. தூள் தூவப்பட்டவர்களுக்கு உடனடித் தீங்கு எதுவும் தோன்றவில்லை. ஆகவே இது பூச்சிக்கு நஞ்சு, மனிதருக்குத் தீங்கற்றது என்னும் நம்பிக்கை பரவியது. முல்லர் 1948இல் நோபல் பரிசும் பெற்றார்.

அந்த நம்பிக்கையில் ஒரு பிழை மறைந்திருந்தது. டி.டி.டி. தூளாக இருக்கும்போது தோல் வழியே எளிதில் உட்புகாது. எண்ணெயில் கரைத்துவிட்டாலோ அதன் இயல்பு மாறிவிடும். வீடுகளுக்கு வந்த தெளிப்பு மருந்துகளோ பெரும்பாலும் எண்ணெயில் கரைக்கப்பட்டவை. உடலுக்குள் சென்ற டி.டி.டி. நீரில் கரைந்து வெளியேறுவதில்லை. கொழுப்பைத் தேடிச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறது. இன்று ஒரு துளி, நாளை ஒரு துளி என உட்சென்றாலும் அது சேர்ந்துகொண்டே போகும். சிறுதுளி பெருவெள்ளம் என்று சேமிப்புக்குச் சொல்லும் பழமொழி இந்த நஞ்சுக்கும் பொருந்தியது. பசு தின்ற புல்லில் ஒட்டியிருந்தது பாலுக்கும் வெண்ணெய்க்கும் வந்தது. தாய் உண்டது தாய்ப்பாலிலும் கலந்தது.

1945ஆம் ஆண்டிலேயே கார்சன் இதனைப் பற்றி எழுத விரும்பினார். மேரிலாந்தில் அரசு நடத்திய டி.டி.டி. ஆய்வுகளின் செய்திகள் அவருடைய மேசைக்கு வந்துகொண்டிருந்தன. புகழ்பெற்ற இதழ் ஒன்றுக்குக் கட்டுரை எழுத முன்வந்தார். அவ்விதழ் அதில் ஆர்வம் காட்டவில்லை. இதற்கிடையே டி.டி.டி. வீட்டின் ஒவ்வோர் அறைக்குள்ளும் நுழைந்துவிட்டது. குழந்தைகள் உறங்கும் அறையின் சுவரில் ஒட்டுவதற்கென்றே, டி.டி.டி. ஏற்றப்பட்டு வேடிக்கைச் சித்திரங்கள் அச்சிடப்பட்ட வண்ணத்தாள் விற்பனைக்கு வந்தது. ஈயும் கொசுவும் அண்டாத அறையில் பிள்ளை உறங்கட்டும் என்று பெற்றோர் அதனை வாங்கினர். அவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்களிடம் உண்மையை எடுத்துச் சொல்வாரில்லை.

1958ஆம் ஆண்டு சனவரியில் கார்சனுக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் ஓல்கா ஹக்கின்ஸ் என்னும் தோழியார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டக்ஸ்பரி என்னும் ஊரில் தம் வீட்டைச் சுற்றிய நிலத்தைப் பறவைகளின் புகலிடமாக அவர் பேணி வந்தார். முந்தைய கோடையில் கொசுவை ஒழிப்பதற்காக விமானத்திலிருந்து எண்ணெயில் கலந்த டி.டி.டி. தெளிக்கப்பட்டது. அவருடைய இசைவை எவரும் கேட்கவில்லை. மறுநாள் முதல் வீட்டைச் சுற்றிப் பறவைகள் இறந்து கிடந்தன. நாளிதழுக்கு அவர் எழுதிய முறையீட்டின் படி கார்சனுக்கும் வந்து சேர்ந்தது. நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டு பகுதியிலும் இத்தகைய தெளிப்பை எதிர்த்து மக்கள் வழக்குத் தொடுத்திருந்தனர். அங்கே அந்துப்பூச்சியை ஒழிப்பதற்கென வானிலிருந்து பொழிந்த மருந்து, காய்கறித் தோட்டங்களின் மீதும் பால் பண்ணைகளின் மீதும் வீழ்ந்திருந்தது. வழக்கு தோற்றது. ஆனால் அதில் அறிஞர்கள் அளித்த சான்றுகளின் கட்டு கார்சனின் கைக்கு வந்து சேர்ந்தது. சிறு கட்டுரையாக எழுதத் தொடங்கியது நான்காண்டு உழைப்பைக் கேட்கும் நூலாக வளர்ந்தது.

அந்நான்கு ஆண்டுகளும் அவர் வாழ்வின் மிகக் கடினமான ஆண்டுகள். தாம் வளர்த்த தமக்கை மகள் 1957இல் இறந்துவிட, அவளுடைய ஐந்து வயது மகன் ரோஜரைத் தத்தெடுத்திருந்தார். 1958 இறுதியில் தாயாரும் மறைந்தார். 1960ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்பகத்தில் தோன்றிய கட்டிக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி புற்றுநோயா என்று அவர் வெளிப்படையாகக் கேட்டும் மருத்துவர் உண்மையைச் சொல்லவில்லை. பெண் நோயாளிகளிடம் இத்தகைய செய்தியை மறைப்பது அக்கால மருத்துவரிடையே இருந்த வழக்கம். அவ்வாண்டின் இறுதியில் வேறொரு மருத்துவரை நாடியபோதுதான் நோய் புற்று என்பதும், அது பரவியிருப்பதும் தெரியவந்தன. தம்மைச் சூழ்ந்துள்ள தீங்கை மக்கள் அறிய வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தவரிடமே அவர் உடலைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டிருந்தது. கதிர்வீச்சுச் சிகிச்சையின் களைப்பிலும், கண்களில் ஏற்பட்ட அழற்சியால் படிக்க முடியாத வாரங்களிலும், உதவியாளர் படித்துக் காட்டக் கேட்டு அவர் நூலைத் திருத்தினார். நோயை நெருங்கிய சிலரைத் தவிர எவரிடமும் சொல்லவில்லை. தாம் புற்றுநோயாளி என்பது வெளிப்பட்டால், சொந்தத் துயரத்தால் வேதிப்பொருள்களைப் பழிக்கிறார் என்று நூலைத் தள்ளிவிடுவார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

'மௌன வசந்தம்' என்று தமிழில் வழங்கும் அந்நூல் 1962ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. பறவைகள் இல்லாமற்போன வசந்த காலத்தையே பலரும் அந்நூலின் செய்தியாக நினைவிற்கொள்வர். வீட்டைப் பற்றிய இயலொன்று அதில் இருப்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அறிவியல் நூல் என்று அஞ்சி விலகியிருக்கக்கூடிய இல்லத்தரசியும் தம் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்கச் செய்த இயல் அது.

அவ்வியலில் கார்சன் ஒரு சாதாரண வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார். சமையலறைத் தட்டுகளில் விரிக்கும் தாளின் இருபுறமும் பூச்சிக்கொல்லி ஏறியிருக்கிறது. தரைக்குப் பூசும் மெழுகு பூச்சிகளைக் கொல்வதாக உறுதி கூறுகிறது. துணி அலமாரியில் தொங்கவிடும் பட்டைகளில் லிண்டேன் என்னும் நஞ்சு. அதே நஞ்சை ஆவியாக்கி அறையெங்கும் பரப்பும் மின்கருவியும் உண்டு. தோட்டத்துப் புல்வெளிக்கு நீர் பாய்ச்சும் குழாயிலேயே குளோர்டேன் கலக்கும் கருவியைப் பொருத்தித் தருகிறார்கள். இவற்றின் மேலுறையில் எச்சரிக்கை இல்லாமலில்லை. ஆனால் அது படிக்க இயலாத அளவு பொடி எழுத்தில் இருக்கிறது. அதன் பக்கத்திலோ தந்தையும் மகனும் சிரித்தபடி புல்வெளிக்கு மருந்திடும் படம் பெரிதாக இருக்கிறது. படம் பேசும் மொழிக்கு முன் பொடி எழுத்து என்ன செய்யும்?

உணவைப் பற்றியும் அவர் கூறுகிறார். காய்கறிகளை நீரில் கழுவினால் மருந்தின் எச்சம் சிறிதளவே நீங்கும், சமைத்தாலும் அழிவதில்லை. கோசு, கீரை போன்றவற்றின் வெளி இலைகளை அகற்றுவதும், பழங்களின் தோலைச் சீவி எறிவதும் ஓரளவு பயன் தரும். இறைச்சி, பால், வெண்ணெய் முதலிய கொழுப்புள்ள உணவுகளில் எச்சம் மிகுதி. ஒவ்வோர் உணவிலும் எச்சம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று அரசு வரம்பு விதித்திருந்தது. ஆனால் ஒருவர் ஒரே நாளில் அரிசியையும் பாலையும் பழத்தையும் உண்கிறார். வீட்டில் தெளித்ததைச் சுவாசிக்கிறார். தோட்டத்தில் தொட்டதும் கையில் ஒட்டியிருக்கிறது. தனித்தனியே வரம்புக்குள் இருப்பவை ஒரே உடலில் கூடும்போது அந்த வரம்புக்கு என்ன பொருள்? இக்கேள்வியே அவ்வியலின் உயிர். இதற்கு முன்னரும் அறிஞர் சிலர் இதனை எழுப்பியிருந்தனர்; ஆயினும் அவர்களுடைய குரல் ஆய்விதழ்களைத் தாண்டி வெளியே கேட்கவில்லை.

கார்சன் எல்லாப் பூச்சிக்கொல்லிகளையும் அறவே விலக்கச் சொன்னார் என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நூலைப் படிக்காதவர் கூற்று அது. இன்றியமையாத இடத்தில் மட்டும், இயன்றவரை குறைவாக, என்ன கையாளுகிறோம் என்பதை அறிந்து கையாள வேண்டும் என்பதே அவர் வாதம். சாமந்தி இனத்துப் பூவிலிருந்து கிடைக்கும் பைரித்ரம் போன்ற தீங்கு குறைந்த பொருள்களை மாற்றாக அவரே பரிந்துரைத்தார். தானியக் குதிரில் வேப்பிலை இடும் வழக்கத்தை அறிந்த இந்தியருக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. மலேரியாவை எதிர்ப்பதில் டி.டி.டி.யின் பயனையும் அவர் மறுக்கவில்லை. அளவின்றித் தெளித்தால் கொசுக்கள் அதனைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும், பின்பு நோயைத் தடுக்கக் கருவியே இல்லாமற்போகும் என்றுதான் எச்சரித்தார்; கொசுக்கள் அவ்வாறு வலிமை பெற்ற செய்திகள் அப்போதே பல நாடுகளிலிருந்து வரத் தொடங்கியிருந்தன.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. வேதிப்பொருள் நிறுவனம் ஒன்று நூல் வெளிவருமுன்னரே பதிப்பகத்தை வழக்கு என அச்சுறுத்தியது. மற்றொன்று அவர் நடையைக் கேலி செய்து கட்டுரை வெளியிட்டது. முனைவர் பட்டம் பெறாதவர், உணர்ச்சிவயப்பட்ட பெண், மணமாகாதவர் என்றெல்லாம் பழித்தனர். அவருடைய சான்றுகளைப் பழிப்பது அத்துணை எளிதாக இருக்கவில்லை. நூலின் இறுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஆதாரங்களை அடுக்கியிருந்தார். 1963 ஏப்ரலில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அவரையும் எதிர்ப்பாளரையும் காட்டியது. விளம்பரதாரர் ஐவரில் மூவர் ஒளிபரப்புக்கு முன் விலகிக்கொண்டனர். ஆயினும் இலட்சக்கணக்கானோர் அதனைக் கண்டனர். அமைதியாக, குரலை உயர்த்தாமல் பேசிய அப்பெண்மணி கதிர்வீச்சால் முடியிழந்து செயற்கை முடி அணிந்திருந்தார் என்பதைப் பார்த்தவர் அறியார். குடியரசுத் தலைவர் கென்னடி அமைத்த அறிவியல் குழுவின் அறிக்கை அடுத்த மாதம் வெளிவந்தது. அது பெரும்பாலும் கார்சனின் கருத்துகளை உறுதிப்படுத்தியது.

1963ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள், அமெரிக்க மேலவையின் குழு ஒன்றின் முன் கார்சன் சான்றளித்தார். நடப்பதே துன்பமாக இருந்த காலம் அது. அன்று அவர் முன்வைத்த பரிந்துரைகளுள் ஒன்று வீட்டைப் பற்றியது. பிறர் தெளிக்கும் நஞ்சு தம் வீட்டினுள் நுழையாமல் காக்கப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்றார். டக்ஸ்பரியில் தோழியின் தோட்டத்தில் பறவைகள் இறந்து கிடந்த நாளில் எழுந்த கேள்வி, ஏறத்தாழ ஆறாண்டுகளுக்குப் பின் நாடாளுமன்றத்தில் உரிமை என்னும் பெயர் பெற்றது. நச்சுப்பொருளை விற்பதையும் கையாளுவதையும் அதன் தீமையை உணர்ந்து விதிகளைப் பின்பற்றக்கூடியவர்களுக்கு மட்டுமே உரியதாக்க வேண்டும் என்றும் அவர் கேட்டார்.

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், தம் 56ஆம் வயதில், மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் கார்சன் மறைந்தார். ரோஜருக்கு அப்போது வயது பன்னிரண்டு. உடலின் சாம்பலில் ஒரு பகுதி தாயாரின் கல்லறை அருகே புதைக்கப்பட்டது. எஞ்சியது மெய்ன் மாநிலக் கடற்கரையில், அவர் விரும்பிய அலைகளின் மேல் தூவப்பட்டது.

1970இல் அமெரிக்க அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கெனத் தனி அமைப்பை நிறுவியது. 1972இல் அங்கே வேளாண்மையில் டி.டி.டி. பயன்பாடு தடை செய்யப்பட்டது. குளோர்டேன், ஆல்டிரின், டைஎல்டிரின் என அவர் நூலில் வந்த பெயர்கள் பல, 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் உருவான பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் ஏறின. இந்தியா அதனை 2006இல் ஏற்றது. டி.டி.டி. மட்டும் கொசுவால் பரவும் நோய்களைத் தடுக்கும் பணிக்கென விலக்குப் பெற்றது.

'மௌன வசந்தம்' நூலின் ஓரிடத்தில் இந்தியாவின் பெயரும் வருகிறது. 1958ஆம் ஆண்டில் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லியால் இந்தியாவில் நூறு பேர் மாண்டதை அவர் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிடுகிறார். அவ்வாண்டில் கேரளத்தில் பாரத்தியான் கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டவர்களுக்கு நேர்ந்த கதி இந்நாட்டை உலுக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். வயலில் தெளிப்பதற்கு வந்த நஞ்சு, எவரும் அறியாமல் அடுப்பங்கரைக்குச் சென்ற நிகழ்ச்சி அது. அதனைத் தொடர்ந்து எழுந்த விசாரணைகளின் விளைவாக 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. இச்சட்டம் கார்சனின் நூலால் விளைந்ததன்று. கேரளத்துக் குடும்பங்கள் கொடுத்த விலையால் விளைந்தது.

அச்சட்டத்தின்கீழ் 1971இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி, இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு பூச்சிக்கொல்லியின் மேலுறையிலும் முனைமேல் நிற்கும் சதுரம் ஒன்று அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது இரு முக்கோணங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மேல் முக்கோணத்தில் எச்சரிக்கைச் சொல் இருக்கும். கீழ் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும்: மிகக் கொடியதற்குச் சிவப்பு, அதற்கு அடுத்ததற்கு மஞ்சள், பின்பு நீலம், குறைந்ததற்குப் பச்சை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைக் கண்டு அறிந்துகொள்வதற்கான ஏற்பாடு இது. கரப்பான்பூச்சி மருந்துக் குப்பியிலும் கொசு விரட்டும் பொருளின் பெட்டியிலும் அச்சதுரத்தைக் காணலாம். கடுமை மிகுந்த வகைகளில் அதனருகே ஒரு வரியும் இருக்கும். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதே அவ்வரி.